தாத்தாவின் முட்டி

வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தாத்தாவை ப்ளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளில் நடக்க வைக்க வேண்டும். இரண்டு வாரமாக ராத்திரி வேலை இதுதான். வேட்டியை இறக்கிவிட்டிருந்தால் முட்டி வெளியே தெரிந்தே இருக்காது. மாடல் செய்யும்போது அது தோன்றவில்லை.

மாடலுக்குள் இருக்கும் எலும்புகளை (ப்ளெண்டரில் ‘போன்’, bone) அசைக்க இரண்டு வழி. எஃப்கே-யில் (ஃபார்வர்ட் கினமேடிக்ஸ்) தொடை, கெண்டைக்கால், பாதம் என்று மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். பாதம் தரையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். ஐகே-யில் (இன்வர்ஸ் கினமேடிக்ஸ்) பாதத்தை ஓரிடத்தில் வைத்தால் போதும், முட்டி எவ்வளவு மடங்க வேண்டும் என்ற கணக்கை ப்ளெண்டரே போட்டுக்கொள்ளும். அதை நம்பித்தான் இறங்கினேன்.

முதல் நாள் வழக்கமான தப்புகள். ஐகே எத்தனை எலும்பை இழுக்கலாம் என்று சொல்லும் செயின் லெங்த் 0-விலேயே, அதாவது எல்லா எலும்பும் என்ற நிலையிலேயே கிடந்தது, அதனால் பாதத்தை இழுத்ததும் இடுப்பும் மேலுடம்பும் சேர்ந்து சாய்ந்தன. 2 என்று மாற்றியதும் தொடையோடு நின்றது. பாதத்தை நகர்த்தும் கன்ட்ரோல் போனைக் கணுக்காலிலிருந்தே இழுத்து உருவாக்கியிருந்தேன், ஆகவே அது காலுக்கே பிள்ளையாக இருந்தது. கால் எதைப் பின்தொடர வேண்டுமோ அதுவே காலைப் பின்தொடர்ந்தால் எங்கே போய் நிற்பது? ஆல்ட்-பி அடித்துப் பிரித்தேன்.

உண்மையான தலைவலி, ‘போல் டார்கெட்’ (pole target) வைத்த பிறகுதான். முட்டி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்காக முட்டிக்கு நேர் முன்னால் ஒரு போன் வைத்தேன். உடனே தொடை முறுக்கிக்கொண்டது. அந்தத் திசையைத் திருத்தும் ‘போல் ஆங்கிள்’ (pole angle) எண்ணை மைனஸ் 90 ஆக்கினால் நிற்கும்போது சரியாக இருந்தது, ஆனால் தாத்தா குந்தினால் முட்டி வெளிப்பக்கமாக ஓடியது. கண்ணால் பார்த்துப் பார்த்து எண்ணை நகர்த்தி மைனஸ் 63 பக்கம் கொண்டுவந்தேன். குந்துவது சரியானது, நிற்கும்போது தொடைத் தசை துணி பிழிந்த மாதிரி திருகியது. இப்படியே இரண்டு ராத்திரி போயின.

மூன்றாம் நாள்தான் அந்த 63 உறுத்தியது. தொடை போனின் ரோல், அதாவது அது தன் அச்சிலேயே சுழன்றிருக்கும் கோணம், நேராக இருந்தால் போல் ஆங்கிள் 0, 90, மைனஸ் 90, 180 இந்த நான்கில் ஒன்றாக வரவேண்டும். ரோலை ஷிஃப்ட்-என் போட்டு ஏற்கெனவே சரிசெய்திருந்தேன். அப்படியானால் 90-க்கும் 63-க்கும் நடுவே அந்த 27 டிகிரி எங்கிருந்து வந்தது? எலும்புகளின் இடத்தைத் திருத்தும் எடிட் மோடுக்குப் போய் முன்பக்கத்திலிருந்து பார்த்தேன். தாத்தாவுக்குக் கொஞ்சம் வளைந்த கால். மாடலோடு பொருந்தட்டும் என்று முட்டி மூட்டை 1 சென்டிமீட்டர் வெளியே தள்ளி வைத்திருக்கிறேன். பக்கவாட்டில் பார்த்தால் அதே மூட்டு வெறும் 2 சென்டிமீட்டர்தான் முன்னால் இருக்கிறது. முன்னால் 2, பக்கத்தில் 1 என்றால் முட்டி மடியும் திசை 26.6 டிகிரி வெளியே பார்க்கிறது. கண்ணுக்கே தெரியாத 1 சென்டிமீட்டர்! ஐகே ரெஸ்ட் போஸில் (எலும்புகளை முதலில் வைத்த நிலையில்) இருக்கும் மடிப்பைத்தான் மடிக்கும் திசையாக எடுத்துக்கொள்கிறது. அந்த மடிப்பு சிறியதாக இருப்பதால் சின்னப் பிசகும் பெரிய கோணமாகிவிடுகிறது.

இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் முன்பக்கத்திலிருந்து ஒரே கோட்டில் வைத்தேன். ஆங்கிளைத் திரும்ப மைனஸ் 90 ஆக்கினேன். நிற்கவும் சரி, குந்தவும் சரி. வலது காலை அழித்துவிட்டு இடதிலிருந்து சிமெட்ரைஸ் (கண்ணாடிப் பிம்பமாக நகல்) செய்துகொண்டேன். அதையும் கையால் வரையும் பொறுமை போய்விட்டது.

நடை ஓடவிட்டபோது இன்னொன்று. பின்னங்கால் நீளும் இடத்தில் முட்டி படக்கென்று வெட்டியது. தொடை 45, கெண்டைக்கால் 45 சென்டிமீட்டர். கால் முழுக்க நீண்டால் 90. பாதம் இடுப்பிலிருந்து 89-க்கு வந்தாலே முட்டி 17 டிகிரி மடங்கியாக வேண்டும். அடுத்த சென்டிமீட்டருக்கு வெறும் 7 டிகிரிதான். ஆகவே 90-ஐத் தொட்டுவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் வெட்டும். அசைவின் வளைகோடுகளைத் திருத்தும் கிராஃப் எடிட்டரில் எவ்வளவு வளைத்தாலும் இது போகாது. இடுப்பை 2 சென்டிமீட்டர் இறக்கினேன், கால் எங்கேயும் முழுசாக நீளவில்லை. தாத்தாவுக்கு அந்தத் தளர்ந்த நடை பொருத்தமாகவும் இருக்கிறது, அதை நான் யோசித்துச் செய்ததாகவே வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

நேற்று சம்மணம் போட வைத்துப் பார்த்தேன். போல் டார்கெட் இன்னும் முன்னாலேயே நிற்கிறது, அதனால் இடது முட்டி தாத்தாவின் வயிற்றுக்குள் போய்விட்டது. இன்றைக்கு இரண்டு போல் டார்கெட்டையும் பக்கவாட்டுக்கு நகர்த்த வேண்டும்.