டெட்ராய்ட்டிலும் ரோமிலும் டோன்யேல் லூனாவைத் தேடி

டெட்ராய்ட்டின் வெஸ்ட் கிராண்ட் பூல்வார்ட் சாலையில் நிற்கும் ஃபிஷர் கட்டடத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆல்பர்ட் கான் என்ற கட்டடக் கலைஞரின் பெயரைக் கேட்டு வருகிறவர்கள். 1928 இல் எழுந்த அந்த 28 மாடிக் கட்டடத்தின் உட்கூடத்தில் பல நிறப் பளிங்குகளும் ஓவியம் தீட்டிய வளைகூரையும் இருப்பதால், உள்ளே நுழைந்தவுடன் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால் நான் அங்கே போனதற்குக் காரணம் கட்டடமன்று, அதன் அருகிலுள்ள தெரு. கார்களைப் படமெடுப்பதற்காக 1963 இல் டெட்ராய்ட்டுக்கு வந்திருந்த டேவிட் மெக்கேப் என்ற புகைப்படக் கலைஞர், ஆறடிக்கு மேல் உயரமும் மிக மெலிந்த உடலும் கொண்ட ஒரு கறுப்பினப் பெண்ணை அங்கேதான் கண்டார். நியூயார்க்குக்கு வந்தால் மாடலாகலாம் என்று அவளிடம் சொன்னார். பெக்கி ஆன் ஃப்ரீமன் என்ற அந்தப் பெண்தான் பின்னாளில் டோன்யேல் லூனா என்ற பெயரில், வோக் என்ற ஃபேஷன் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாக ஆனார். அதன்பின் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் படத்தில் மந்திரக்காரியாக நடித்தார். 33 வயதில் ரோமில் இறந்தும் போனார்.

புறநகரான டிராயில் இருக்கும் என் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். கார் நிறுவனங்களை நம்பி வந்து குடியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அதுவும் ஒன்று. நகரின் மையம் வரை அவர் காரில் கொண்டுவந்து விட, அங்கிருந்து உட்வர்ட் அவென்யூவில் ஓடும் கியூலைன் டிராமில் ஏறி, அதன் வடகோடியான கிராண்ட் பூல்வார்டில் இறங்கி மேற்கே நடந்தேன். அதே சாலையில் ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் மோட்டவுன் இசை நிறுவனம் பிறந்த வீடு இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். இந்த அண்மையை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. மாக்சின் பவல் என்ற பெண்மணி 1950களிலேயே இந்நகரில் கறுப்பினப் பெண்களுக்காக நடையுடை பாவனைகளையும் மாடலிங்கையும் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தியிருக்கிறார். பின்னர் மோட்டவுன் பாடகிகளுக்கு மேடையில் நிற்கவும் நடக்கவும் பயிற்சி தந்தவரும் அவர்தான். பெக்கி படித்த காஸ் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளியில்தான் மோட்டவுன் பாடகி டயானா ராஸும் படித்தார். வெள்ளைக்காரப் புகைப்படக்காரர் ஒருவரின் கண்ணில் பட்டதால் வாழ்வு பெற்ற பெண் என்று லூனாவின் கதையைப் பலர் சொல்லி வாசித்திருக்கிறேன். இந்தச் சாலையில் ஒரு முறை நடந்தவர்களுக்கு அந்தக் கதையை முழுதாக நம்புவது கடினம். மெக்கேப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பெண் நாடகத்தில் நாட்டம் கொண்டிருந்தாள்; பள்ளி நாள்களிலேயே தனக்கு டோன்யேல் என்று பெயரும் சூட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் படித்த பள்ளிக் கட்டடம் இப்போது இல்லை. பக்கத்திலேயே புதியது ஒன்றைக் கட்டியபின் பழையதை 2011 இல் இடித்துவிட்டார்கள். ஃபிஷர் கட்டடத்தின் உட்கூடத்திலும் அவர் பெயரைத் தாங்கிய பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை.

அவருடைய தந்தை ஃபோர்ட் நிறுவனத்தில் வேலை செய்தார். பெற்றோர் பல முறை மணமுறிவு செய்துகொண்டு மீண்டும் மீண்டும் மணந்துகொண்டவர்கள். தந்தை வன்முறையாளர் என்பது குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி. 1964 இன் பிற்பகுதியில் மகள் நியூயார்க்குக்குப் புறப்பட்டாள். 1965 ஜனவரியில் ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் இதழின் அட்டையில் அவருடைய உருவம் வெளிவந்தது. அதே ஜனவரியில் டெட்ராய்ட் வீட்டில் தாய் தற்காப்புக்காகத் தந்தையைச் சுட்டார், தந்தை இறந்துபோனார். இருபது வயதுகூட நிரம்பாத ஒருவருக்கு ஒரே மாதத்தில் இவ்விரண்டும் நேர்ந்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் தம் பிறப்பைப் பற்றி அவர் சொன்ன மாறுபட்ட கதைகளைக் கேட்டு எரிச்சல் வருவதில்லை.

அந்த ஜனவரி இதழின் அட்டையில் இருந்தது புகைப்படமன்று, ஓவியம். அதுவும் அவருடைய இனத்தை எளிதில் சொல்லிவிட முடியாதபடி தீட்டப்பட்ட கோட்டோவியம். ஏப்ரல் இதழில் ரிச்சர்ட் அவெடன் எடுத்த அவருடைய புகைப்படங்களே வெளிவந்தபோது, அமெரிக்கத் தென்மாநிலங்களின் விளம்பரதாரர்கள் சிலர் விலகினர். சந்தாதாரர்களும் சிலர் விலகினர். அவரோடு தனி ஒப்பந்தம் செய்திருந்த அவெடன், இன வெறுப்பும் வணிகக் கணக்கும் சேர்ந்து, அச்சில் வெளியிடுவதற்காக அவரை மீண்டும் படமெடுக்க முடியாதபடி தம்மைத் தடுத்துவிட்டன என்று பின்னாளில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் லூனா லண்டனுக்குப் போய்விட்டார்.

லண்டன் அவரை வரவேற்றது. 1966 மார்ச் மாத பிரிட்டிஷ் வோக் அட்டையில் டேவிட் பெய்லி எடுத்த படம் வந்தது. ஒரு கையின் இரண்டு விரல்களை விரித்து முகத்தின் மேல் வைத்திருக்கிறார்; விரல்களின் இடையே ஒரு கண் மட்டும் பெரிதாக விழித்திருக்க, மூக்கும் உதடும் பெரும்பாலும் கைக்குள் மறைந்திருக்கின்றன. பிக்காசோவின் ஓவியங்களை நினைவில் கொண்டு அமைத்த காட்சி என்று கலை ரசிகர்கள் சொல்வார்கள். இனம் தெரிந்துவிடக் கூடாதென்று மறைத்தார்கள் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எனக்குத் தோன்றவில்லை. அழகான படம்தான், ஆனால் முதல் முறையாக ஒரு கறுப்பினப் பெண்ணை அட்டையில் வைத்த இதழ், அவள் முகத்தை முழுதாகக் காட்டத் துணியவில்லை என்பதும் உண்மைதான். அமெரிக்க வோக் இதழ் ஒரு கறுப்பினப் பெண்ணை அட்டையில் வைக்க அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பெவர்லி ஜான்சன் அதில் வந்தது 1974 ஆகஸ்டில்.

1968 இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு அவர் அளித்த நேர்காணல் பலரைப் புண்படுத்தியது. தம் மரபில் மெக்சிகோவும் சீனாவும் அயர்லாந்தும் கலந்திருப்பதாக அவர் வற்புறுத்திச் சொன்னார். அவருடைய வெற்றியால் கறுப்பின நடிகர்களுக்குத் திரைப்பட வாய்ப்பு பெருகுமா என்று கேட்டபோது, பெருகினால் நல்லது, ஆனால் தமக்கு அதில் அக்கறை இல்லை என்ற பொருளில் விடையளித்தார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில் இப்படிப் பேசியதைக் கறுப்பின அமெரிக்கர்கள் பலர் மன்னிக்கவில்லை. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. எனினும், அட்டையில் ஓவியமாக்கியும் கையால் மறைத்தும் பிறர் ஆண்டுக்கணக்காக அவருக்குச் செய்துவந்ததையே, சொற்களால் அவர் தமக்குத்தாமே செய்துகொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

திரைப்படத்தில் அவர் தொடக்கத்திலிருந்தே ஆசை வைத்திருந்தார். நியூயார்க்கில் ஓவியர் ஆண்டி வார்ஹாலின் கேமராவுக்கு முன் அமர்ந்து, அவருடைய சில சோதனைப் படங்களில் தோன்றினார். 1968 இல் ஓட்டோ பிரெமிங்கரின் 'ஸ்கிடூ' படத்தில், 'கடவுள்' என்று அழைக்கப்படும் கும்பல் தலைவனாக நடித்த நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்ஸின் காதலியாக வந்தார். படம் படுதோல்வி, அதைப் பற்றி மேலும் சொல்ல எதுவுமில்லை.

ரோமில் அவரைத் தேட வேண்டிய இடம் சினெசித்தா. மெட்ரோவின் ஏ தடத்தில் அதே பெயருள்ள நிறுத்தத்தில் இறங்கினால், 1937 இல் முசோலினி ஆட்சியில் திறக்கப்பட்ட அந்தப் படப்பிடிப்பு வளாகத்தின் வாயில் எதிரிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய அரசு அலுவலக வளாகம் என்றே எண்ணத் தோன்றும். உள்ளே இருக்கும் கண்காட்சியைச் சுற்றிவிட்டு, வழிகாட்டியோடு அரங்குகளின் பக்கம் போனபோது, ஐந்தாம் எண் அரங்கின் முன் எல்லோரும் நின்றார்கள். ஃபெலினிக்கு மிகவும் பிடித்த படப்பிடிப்புக் கூடம் அது. வழிகாட்டி அவரைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். லூனாவின் பெயர் அந்தப் பேச்சில் வரவில்லை. வர வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் அதிகப்படியாக இருக்கலாம். 1969 இல் வெளிவந்த 'சத்திரிகான்' படத்தில் அவர் தோன்றும் பகுதி நீளமானதன்று.

ஆனால் அந்தப் பகுதியை மறக்க முடியாது. பழைய ரோமானியக் கதையொன்றை எடுத்துக்கொண்ட அந்தப் படத்தில் அவர் ஏற்ற வேடம் ஈனோத்தியா என்னும் மந்திரக்காரி. தன்னை விரும்பிய மாயவித்தைக்காரன் ஒருவனை அவள் ஊரார் முன் அவமானப்படுத்த, அவன் ஊரிலுள்ள தீ அனைத்தையும் அணைத்துவிடுகிறான். அதன்பின் தீ வேண்டுவோர் எல்லோரும் வரிசையில் வந்து அவள் உடலிலிருந்தே தீவட்டியைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. அவர் அசையாமல் இருக்கிறார். முகத்தில் சினமோ வெட்கமோ இல்லை. அவமதிக்கும் நோக்கில் எழுதப்பட்ட ஒரு நிலையை அவர் தம் அமைதியால் அரசியின் கொலுவாக மாற்றிவிடுகிறார். நடிக்கத் தெரியாத மாடல் என்று சில விமர்சகர்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை. இவ்வளவு நேரம் கேமரா உற்றுப் பார்க்கும்போது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும். ஃபெலினிமீதும் எனக்கு ஒரு குறை உண்டு: மற்றவர்களைப் போலவே அவரும் லூனாவை வேற்றுலகப் பிறவியாகத்தான் கண்டார். வாடகைக்கும் சம்பளத்துக்கும் கவலைப்படுகிற சாதாரணப் பெண் வேடம் எந்த இயக்குநரிடமிருந்தும் அவருக்கு வரவில்லை.

முதன்மை வேடம் வந்தது ஒரு முறைதான். கார்மெலோ பெனே இயக்கிய 'சலோமே' (1972) படத்தில் அவரே சலோமே. கதையைத் துண்டு துண்டாக வெட்டி, கண்ணைக் கூசச் செய்யும் நிறங்களில் அடுக்கிய படம் அது. இத்தாலியிலேயே குறைவான பேர்தான் பார்த்தார்கள்.

அதன்பின் அவர் இத்தாலியப் புகைப்படக் கலைஞர் லூய்ஜி கட்சனிகாவை மணந்தார். 1977 இல் மகள் பிறந்தாள். போதைப்பொருள் பழக்கம் பல ஆண்டுகளாகவே அவரோடு இருந்தது. 1979 மே 17 அன்று, மகளுக்கு இரண்டு வயது நிறையும் முன்பே, ரோமின் ஒரு மருத்துவமனையில் இறந்தார்.

இதே வழியில் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. சினெசித்தாவுக்கு அரை நாள் போதும். போவதற்கு முன் 'சத்திரிகான்' பார்த்துவிட்டுப் போங்கள். அவரைப் பற்றி 2023 இல் வெளிவந்த ஆவணப்படத்தில் அவருடைய மகளே தாயின் நாட்குறிப்புகளோடு தோன்றுவதால், அதையும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டில் ஒரு நகரம்தான் முடியும் என்றால் டெட்ராய்ட்டையே தேர்ந்தெடுங்கள். ரோமில் அவர் ஏற்ற வேடங்களின் தடம் கிடைக்கும்; கிராண்ட் பூல்வார்டில் மோட்டவுன் வீட்டிலிருந்து ஃபிஷர் கட்டடம் வரை நடந்தால், எந்த ஊர்ப் பெண் அந்த வேடங்களை ஏற்றாள் என்பது ஓரளவு தெரியவரும்.