3018-இல் ஜிக்ஜாக் விளிம்பு: பல் எங்கே மழுங்குகிறது?

மரம் 12 மி.மீ. பூவரசம் பலகை. மெஷின் 3018, அதாவது கணினிக் கோப்பைப் பார்த்துத் தானே வெட்டும் சின்ன சிஎன்சி, ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில். இருப்பது ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், உப்புக்காற்று நேரே அடிக்கிற அறை. பெயர்ப்பலகையின் கீழ் விளிம்பில் 27 பற்கள் வேண்டும். பல்லின் அகலம் 10 மி.மீ., உயரம் 12 மி.மீ., முனைக்கோணம் சுமார் 45 டிகிரி.

முதல் வெட்டு 3.175 மி.மீ. எண்ட் மில் என்ற உருளை வெட்டுப் பிட்டில், ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. ஆழம். பிட்டின் வெட்டுப்பகுதி 12 மி.மீ.க்குக் குறைந்தால் தண்டு மரத்தில் உரசும், அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளவும். முனைகள் ஊசியாக வந்தன. உள்மூலைகளோ கிண்ணம் மாதிரி உருண்டு நின்றன. இதற்கு மெஷினைத் திட்டிப் பயனில்லை, உருளைப் பிட்டின் குணம் அது. மூலையில் மிஞ்சும் மரத்தைக் கணக்கிட, 1-ஐ அரைக்கோணத்தின் சைனால் வகுத்து, அதில் 1 கழித்து, பிட்டின் ஆரத்தால் பெருக்க வேண்டும். 90 டிகிரிக்கு 0.66 மி.மீ.தான் மிஞ்சும். 45-க்கு இரண்டரை, 30-க்கு நாலரை!

1 மி.மீ. பிட் போட்டால் 0.8 ஆகும். ஆனால் அதன் வெட்டுப்பகுதியே மூன்று நான்கு மி.மீ.தான், 12 மி.மீ. பலகையில் இறக்கினால் படக்கென்று முறியும். முக்கோண அரமும் கைகொடுக்காது, அதன் மூலை 60 டிகிரி, 45-க்குள் நுழையாது. கத்தி அரத்தால் 26 மூலைகளைத் தேய்ப்பதைவிடப் படத்தை மாற்றுவதே மேல். உயரத்தை 8.5 ஆகக் குறைத்ததில் கோணம் 61 ஆயிற்று. மிச்சம் ஒன்றரை மி.மீ., முக்கோண அரம் நாலே இழுப்பில் முடிக்கிறது.

இரண்டாம் வெட்டு, ஃபீடு (பிட் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 600 மி.மீ. முனைகளில் கருகல். ஜிஆர்பிஎல்லில் எக்ஸ், ஒய் அச்சுகளின் முடுக்கத்தைக் குறிக்கும் $120, $121 இரண்டிலும் 10 என்று இருந்தது. சாய்வுப் பக்கம் 9.9 மி.மீ., அதில் 8.6 மி.மீ. வேகம் ஏற்றவும் இறக்கவுமே போய்விடுகிறது. ஒவ்வொரு முனையிலும் பிட் கிட்டத்தட்ட நின்ற இடத்தில் சுற்றி மரத்தைத் தேய்க்கிறது. பத்துப் பத்தாக 50 வரை ஏற்றியதும் அந்த 8.6 என்பது 1.7 ஆகச் சுருங்கியது, கருகல் போனது. இன்னும் ஏற்றலாம்தான், ஆனால் 3018-இல் ஒய் அச்சு மேடையையும் பலகையையும் சேர்த்து இழுக்கிறது. மோட்டார் ஒரு ஸ்டெப் தவறினால் அங்கிருந்து எல்லாப் பல்லும் விலகிப்போகும். திருப்பத்தில் எவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்று சொல்லும் $11-ஐக் கூட்டினால் மூலை உருளும் என்று பலர் நம்புகிறார்கள். உருளாது, பாதை அப்படியேதான் இருக்கும், திருப்பத்தின் வேகம் மட்டும் கூடும். 0.010-லேயே விட்டாயிற்று.

வெர்னியரில் அளந்தால் பற்கள் 0.3 மி.மீ. குட்டை. ஜிக்ஜாக்கில் எக்ஸ் ஒரே திசையில் போகும், ஒய் மட்டும் பல்லுக்கு இரண்டு தடவை திரும்பும். அதனால் அச்சை நகர்த்தும் ஸ்க்ரூவின் நட்டில் உள்ள ஆட்டம் முழுக்கப் பல்லின் உயரத்தில் விழும். அந்த 8 மி.மீ. டி8 ஸ்க்ரூவில் துரு படிந்து, நட்டின் ஸ்பிரிங் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்ததும் ஆட்டம் 0.05-க்கு வந்தது. கிரீஸ் பூசவே கூடாது, மரத்தூள் ஒட்டிக் களிம்பாகிவிடும். இந்தக் காற்றில் வாரம் ஒருமுறை துடைத்தாக வேண்டும்.

பல் நீளும் திசையிலேயே மரத்தின் ரேகையும் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முனை விரலில் பட்டாலே உதிரும். அதனால் பலகையை நெடுக்கு ரேகையில் வாங்காமல், குறுக்கு ரேகையில் அறுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. சுற்றிலும் 0.3 மி.மீ. மிச்சம் விட்டு முழு ஆழமும் வெட்டி, கடைசியாக ஒரே சுற்றில் அதைச் சீவினால் பிட் வளையாது, முனையும் பிய்யாது.

பனஞ்சட்டத் துண்டு ஒன்றிலும் இதே கோப்பை ஓட்டியாயிற்று. கருநார் கட்டுக்கட்டாகப் பிரிந்து, 27-இல் 11 முனைகள் போயின. அடுத்து 90 டிகிரிப் பல்லாக வரைந்து, முனைக்கோட்டில் சயனோ பசை (நொடியில் ஒட்டும் நீர்ப்பசை) ஊறவிட்டு வெட்டிப் பார்க்க வேண்டும்.