சென்னை ஓப்பன்: எந்த வாரம், என்ன வேலை

சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டியின் வரலாற்றைச் சாம்பியன்களின் பெயர்ப் பட்டியலாகத்தான் பலரும் சொல்வார்கள். ஆடுகளப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு அது காலண்டரின் வரலாறு.

1996-இல் டெல்லியில் தொடங்கிய, ஆண்களுக்கான இந்த ஏடிபி போட்டி அடுத்த ஆண்டே நுங்கம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்குக் கட்டிய அரங்கம் தயாராக இருந்தது. முதலில் ஏப்ரல் மாதம்தான். 1998-இல் பேட்ரிக் ராஃப்டர் பட்டம் வென்றது அந்த வெக்கையில். பிறகு ஆண்டின் முதல் வாரத்துக்கு நகர்ந்தது. ஆஸ்திரேலிய ஓப்பனுக்குத் தயாராகிறவர்களைப் பிடிக்க அது நல்ல வாரம். ஆனால் தோஹா, பிரிஸ்பேன் போட்டிகளும் அவர்களையே குறிவைத்தன.

ஜனவரியில் வெயில் தொல்லை போய், பனி வந்தது. இரவு ஆட்டத்தில் முதலில் வழுக்குவது வெள்ளைக் கோடுகள். கோட்டுப் பெயின்டில் பெரும்பாலும் சொரசொரப்பு குறைவு. பேஸ்லைனில் (ஆடுகளத்தின் பின்கோடு) காலை ஊன்றித் திரும்பும் இடத்தைத் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் ஈரம் பரவும். பந்தின் ரோமமும் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும். முதல் 7 கேம், அப்புறம் 9 கேமுக்கு ஒருமுறை புதுப் பந்து என்பது விதி (முதல் பந்துகள் வார்ம்-அப்பிலும் அடிபடுவதால் அவற்றுக்கு 2 கேம் கழிவு). பனி இரவில் அந்த ஒன்பதாவது கேம் ரொம்ப தூரம்.

அட்டவணையும் ஆளைச் சாய்க்கும். 2008 அரையிறுதியில் நடாலும் மோயாவும் 3 மணி 54 நிமிடம் ஆடினார்கள், மூன்று செட்டும் 6-6 ஆகி டைபிரேக்கில்தான் முடிந்தன. மறுநாள் இறுதியில் யூஷ்னி நடாலை 6-0, 6-1 என்று முடித்தார். வாரக் கடைசியில் ஓய்வு நாளுக்கு இடமே கிடையாது.

2018-இல் போட்டி புனேக்குப் போனது. 2022 செப்டம்பரில் பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி வந்தது. லிண்டா ஃப்ருவிர்டோவா வென்றார். 2025-இல் அதை அக்டோபர் கடைசியில் வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேற்கூரை இல்லாத மைதானம்! துணிச்சல்தான்.

மழை நின்றதும் அவசரப்பட்டுத் துண்டோடு இறங்கக் கூடாது. ஆடுகளம் ஒரு பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். மேட்டுப் பக்கம் வரிசையாக நின்று, ரப்பர் வைப்பரால் சரிவை நோக்கித் தள்ள வேண்டும். ஆளுக்கொரு திசையில் தள்ளினால் நீர் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும். தேங்கும் பள்ளங்களுக்கு ஸ்பாஞ்ச் ரோலர், கடைசியாகத்தான் துண்டு. ஈரப்பதம் அதிகமான மாலையில் கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரியும் தரையும் ஷூவுக்கு வழுக்கும். அதனால்தான் நடுவர் காலைத் தேய்த்துப் பார்த்த பிறகே ஆட்டக்காரர்களை அழைப்பார்.