உப்புநீர்ச் சீஸுக்கு எந்த ஒயின், எந்த பீர்: வைத்துப் பார்த்த குறிப்புகள்

ஃபெட்டா மாதிரி உப்புநீரில் ஊறிய சீஸுக்குப் பானம் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் உப்பைத்தான் யோசிக்கிறார்கள். காரியம் கெடுவது புளிப்பில். சீஸின் புளிப்புக்கு ஈடு கொடுக்காத ஒயின், ஒரு துண்டு சீஸ் உள்ளே போனதும் சப்பென்று ஆகிவிடும். உப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை. அது கசப்பை அமுக்கும், பழ வாசனையைத் தூக்கிக் காட்டும். கூடிப்போனால் ஊறவைத்துக் குறைத்துக்கொள்ளவும் முடியும். புளிப்பை அப்படி இறக்க முடியாது.

முதலில் சீஸ். கிரேக்க ஃபெட்டாவில் குறைந்தது 70 சதவீதம் செம்மறிப் பால், மிச்சம் வெள்ளாட்டுப் பால். 2 மாதமாவது பழுக்க வேண்டும். 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் கிரீஸுக்கு மட்டுமே உரியது. கொங்குப் பக்கம் செம்மறி வளர்ப்பது கறிக்காக. அதன் பாலை விலைக்கு வாங்குவது நடக்காத காரியம். வீட்டிலேயே செய்ய, எருமைப் பால் 2 லிட்டர், வெள்ளாட்டுப் பால் 2 லிட்டர் கலந்தால் ஓரளவு நெருங்கி வரலாம். எருமைப் பால் கெட்டித்தன்மையும் வெள்ளை நிறமும் தரும், ஆட்டுப் பால் அந்த லேசான வீச்சத்தைத் தரும். பசும்பாலில் செய்தால் மஞ்சள் தட்டும், சுவையும் மொட்டையாக இருக்கும்.

பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, 32 டிகிரிக்கு ஆறவிட்டு, மீசோஃபிலிக் கல்ச்சர் (மிதமான சூட்டில் பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்) போட்டு ஒரு மணி நேரம். வீட்டுத் தயிரைப் போட்டாலும் உறையும். ஆனால் புளிப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், ஜோடி பார்க்கிற வேலைக்கு அது உதவாது. பிறகு ரென்னெட் (பாலைத் திரட்டும் நொதி), புட்டியில் போட்ட அளவுப்படி. முக்கால் மணி நேரத்தில் கத்தியை விட்டுத் தூக்கினால் உறைந்த பால் சுத்தமாகப் பிளக்க வேண்டும். 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பத்து நிமிடம் விட்டு, மெதுவாக 20 நிமிடம் கிளறி, துணியில் கட்டித் தொங்கவிடலாம். சுமார் 600 கிராம் கிடைக்கும்.

நம் ஊர் வெக்கையில் இந்தத் தொங்கவிடும் நேரம்தான் ஆபத்து. ஏப்ரல் மாதம் ஈரோட்டில் அறைச்சூடு 35 டிகிரியைத் தொடும்போது புளிப்பு தறிகெட்டு ஏறும். வேண்டாத கிருமியும் சேர்ந்துகொள்ளும். உள்ளே பஞ்சு மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகளும் கெட்ட வாடையும் இருந்தால் அது கழிவுதான், யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். ஏ.சி. அறையில் 24 டிகிரியில் தொங்கவிட்டு, பி.எச். தாளில் (புளிப்பை அளக்கும் தாள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 காட்டியதும் குளிர்பெட்டிக்கு மாற்றுவது பத்திரம். 4.4-க்குக் கீழே போனால் மணல் மாதிரி உதிரும்.

உப்புநீருக்கு வெறும் தண்ணீர் வேண்டாம். வெறும் நீர் சீஸிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்ளும்; இரண்டு வாரத்தில் மேல்பக்கம் கொழகொழவென்று ஆகிவிடும். வடிந்த மோர்நீரையே கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறியபின் லிட்டருக்கு 80 கிராம் கல்லுப்பு போட்டால் புளிப்பும் கால்சியமும் ஏற்கெனவே அதில் இருக்கும். குளிர்பெட்டியில் இரண்டு வாரமாவது ஊறினால்தான் உப்பு நடுவரை சீராகப் போகும். அதற்கு முன்பே வெட்டிச் சுவை பார்ப்பது வீண்.

பனீரை உப்புநீரில் போட்டு இதே சோதனையைச் செய்யலாமா என்றால், கூடாது. பனீர் கொதிக்கும் பாலில் அமிலம் விட்டுத் திரித்தது. நொதித்த புளிப்பு அதில் கிடையாது. பனீரோடு எந்த ஒயினும் சுமாராகப் போகும், அதனால் ஒன்றும் தெரியாது.

சுவைக்கும் முறை: ஒரு ஜோடிக்கு 15 கிராம் சீஸ், 50 மி.லி. பானம். முதலில் பானம் மட்டும் ஒரு வாய், பிறகு சீஸ், அது வாயில் பாதி இருக்கும்போதே மறுபடி பானம். முதல் வாய்க்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். நடுவில் நாக்கைத் துடைக்க, உப்புப் போடாமல் பிழிந்த சந்தகையும் (அரிசி சேவை) தண்ணீரும். ரொட்டியைவிட இது மேல், ரொட்டியில் உப்பும் சர்க்கரையும் ஒளிந்திருக்கும்.

ஒயினில் நம்பிக்கையாகக் கைகொடுப்பது சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். நாசிக்கில் விளைந்த சுலா சாவிஞானே போதும். தனியாகக் குடிக்கும்போது பல்லைக் கூசவைக்கும் புளிப்பு, சீஸுக்குப் பிறகு பாதியாக இறங்கி, பச்சைப் புல் வாசனையும் எலுமிச்சையும் மேலே வரும். கிரேக்கர்கள் ஃபெட்டாவோடு குடிக்கும் அசிர்டிகோவும் இதே காரணத்தால்தான் பொருந்துகிறது: சாண்டோரினியின் எரிமலை மண்ணில், அவ்வளவு வெயிலிலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத திராட்சை அது. லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினுக்கு இரண்டாம் இடம். உப்பும் இனிப்பும் சேர்ந்தால் ருசிதான், ஆனால் இரண்டாவது கிளாஸில் திகட்டுகிறது. தர்பூசணித் துண்டோடு சீஸ் வைத்தால் மட்டும் செனின் முந்திக்கொள்ளும்.

ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் வேண்டாம். புளிப்பு குறைவு, வெண்ணெய் வாசனை சீஸுக்குப் பிறகு பழைய எண்ணெய் மாதிரித் தெரியும். கேபர்நே, ஷிராஸ் மாதிரிச் சிவப்புகளில் இன்னொரு சிக்கல். சீஸின் உப்பு கசப்பைக் குறைத்தாலும், அதன் புளிப்பு டேனின் (திராட்சைத் தோல், விதையிலிருந்து வரும் பொருள்) தரும் துவர்ப்பைக் கூட்டிவிடும். பச்சைப் பாக்கை மென்றது போல நாக்கு இழுத்துப் பிடிக்கும். சிவப்புதான் வேண்டும் என்பவர்கள் இளஞ்சிவப்பு ரோஸேயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிவப்பை அறைச்சூட்டில் குடி என்று சொல்வது 16, 18 டிகிரி அறைக்கு. கோவையில் அறை 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முன்னால் வந்து நிற்கும், உப்பு அதை இன்னும் எரியவிடும். சிவப்பானாலும் 40 நிமிடம் குளிர்பெட்டியில் இருக்கட்டும். வெள்ளைக்கு எதிர்ச் சிக்கல்: பெட்டியின் 4 டிகிரியில் வாசனை எழும்பாது. வெளியே எடுத்து பத்து நிமிடம் விட்டால் போதும். சீஸையும் அப்போதே எடுத்து வைக்கலாம்.

பீரில் முதல் இடம் கோதுமை பீருக்கு, அதிலும் பெல்ஜிய விட்பியர் வகைக்கு. ஹூகார்டன் மாதிரி பீரில் கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். கசப்பு குறைவு, குமிழி அதிகம். குமிழி நாக்கில் படிந்த கொழுப்பை வழித்துக்கொண்டு போகும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் லாகர் பீரும் மோசமில்லை: உப்பு கசப்பை அடக்கிவிடுவதால் மால்ட்டின் இனிப்பு தெரியவரும். கடைகளில் முதலில் நீட்டப்படும் ஸ்ட்ராங் பீர்தான் தோற்கிறது. 7, 8 சதவீத ஆல்கஹாலும் மிச்ச இனிப்பும் உப்போடு சேர்ந்து தொண்டையை எரிக்கும். ஐ.பி.ஏ. (ஹாப்ஸ் கசப்பு தூக்கலான பீர்) ஆளுக்கு ஆள் மாறும். கசப்பு ஏறிய வகைகளில் பின்சுவை இரும்பு மாதிரி வருகிறது. ஸ்டவுட் என்ற கறுப்பு பீரின் கருகல் இந்தப் புளிப்போடு ஒட்டவே ஒட்டாது.

கோஸ் என்ற ஜெர்மன் பீர் தனிக் கதை. கோஸ்லார் ஊரில் தோன்றி லைப்சிக்கில் வளர்ந்தது; உப்பு, கொத்தமல்லி விதை, லாக்டிக் (தயிரில் வருவது போன்ற) புளிப்பு மூன்றும் அதிலேயே உண்டு. புளிப்பு அச்சாகப் பொருந்தும், உப்புதான் இரட்டிப்பாகிவிடும். சீஸை 2 சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி, குளிர்ந்த பாலில் அரை மணி ஊறவைத்துத் துடைத்துவிட்டு வைத்தால் சரியாக நிற்கிறது.

மது தொடாதவர்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் குளிரவைத்தே விற்கும் தென்னை நீரா. சுண்ணாம்பு படாத இனிப்பு, உப்போடு நன்றாகப் போகும். பதநீரில் சுண்ணாம்பின் காரம் சீஸின் புளிப்பை மழுக்கிவிடும், அது வேண்டாம்.

பக்கத்தில் பள்ளிபாளையம் சிக்கன் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒயினை எடுத்து வைத்துவிடுவது உத்தமம். வரமிளகாயும் ஆல்கஹாலும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். 5 சதவீதத்துக்குக் குறைந்த விட்பியர் மட்டும் தாங்குகிறது. அதுவும் சீஸைக் கறிமேல் தூவாமல் தனித் தட்டில் வைத்தால்.

அடுத்த தொகுதி 6 சதவீத உப்புநீரில் (லிட்டருக்கு 60 கிராம்), கோஸை மனதில் வைத்து. உப்பு குறைந்தால் சீஸ் சீக்கிரம் மென்மையாகிவிடும் என்பதால் அதை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.