பூம்பாறையில் உடைந்த ஹேங்கரும் வடுகபட்டிக்குப் போன பூண்டு வண்டியும்

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு ஆள், ஒரு சைக்கிள். வாடகை 1,800 ரூபாய். குட்டியானை வைத்திருக்கும் அந்த அண்ணன் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "பக்கத்துலதானேண்ணே இருக்கு" என்றேன். "திரும்பி காலியா வரணும்ல சார்" என்றார். மூன்று நாளைக்கும் சேர்த்து நான் ஒதுக்கி வைத்திருந்ததே 4,000. அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கரைந்திருந்தது.

எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கொடைக்கானலைச் சுற்றியுள்ள பழனி மலைத்தொடரில் கிராவல் சைக்கிளுக்கு எந்த ரூட் நல்லது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று ரூட் வரிசையாகச் சொல்வதாக வாக்கு வேறு கொடுத்துவிட்டேன். பார்ப்போம். கிராவல் சைக்கிள் என்றால் பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரிதான் இருக்கும், அதே வளைந்த ஹேண்டில்பார். டயர் மட்டும் தடிமன். என்னுடையது 40 மில்லிமீட்டர், டியூப்லெஸ். தாரிலும் ஓடும், கப்பி ரோட்டிலும் ஓடும்.

முதல் ரூட் தாண்டிக்குடி வழி. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து எல்லோரும் நேராக மலை ரோட்டைப் பிடித்துக் கொடைக்கானல் ஏறுவார்கள். சைக்கிளில் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். டூரிஸ்ட் வேன்காரர்கள் ஒவ்வொரு வளைவிலும் நம்மைப் பள்ளத்தில் தள்ளாத குறையாக ஒடித்துத் திருப்புகிறார்கள். பேசாமல் பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறுங்கள். சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். என் சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 40 பல், பின்னால் இருப்பதில் பெரியதுக்கு 42. இந்த ஏற்றத்துக்குப் போதாது. வழியில் வரும் பெரும்பாறைக்கு முன்னால் மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினேன். தோட்ட வேலைக்குப் போன அக்காக்கள் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டே என்னைத் தாண்டி நடந்து போனார்கள்.

ஆனால் பெரும்பாறைக்கு மேலே ஏறிவிட்டால் பட்ட பாடெல்லாம் மறந்துபோகும். ரோட்டின் இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, இடையிடையே வாழை, பட்டர் ஃப்ரூட். பொங்கல் முடிந்த வாரம், பழம் பறிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. களத்தில் காயும் காப்பிப் பழத்தின் புளித்த வாசனை வளைவுக்கு வளைவு வருகிறது. மெயின் ரோட்டை விட்டுத் தோட்டங்களுக்கும் குக்கிராமங்களுக்கும் பிரிகிற கப்பி ரோடுகள்தான் நான் தேடி வந்தது. சில்வர் ஓக் சருகு மெத்தை மாதிரி கிடக்கிறது. அதற்கு அடியில் எந்தக் கல் கூர், எந்தக் கல் ஆடும் என்று டயர் ஏறிய பிறகுதான் தெரியும். காற்றை 35 பவுண்டுக்கு இறக்கிய பிறகு கை நடுக்கம் நின்றது. ஒரு மணி நேரத்தில் எட்டுக் கிலோமீட்டர்தான் போனேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மறுபடியும் போவேன். தனியார் தோட்டத்துக்குள் போவதாக இருந்தால் மட்டும் கேட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த கப்பி ரோடு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் டயரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, எதற்கு இந்தப் பக்கம் வந்தேன் என்று கேட்டார். விளக்கினேன். "பதினஞ்சு வருசமா தார் போடுங்கன்னு மனு குடுத்துக்கிட்டுருக்கோம் தம்பி. நீங்க மெனக்கெட்டு இந்த ரோட்டத் தேடி வாரீகளா?" என்றார். போன மழையில் பிரசவத்துக்கு மருமகளை ஜீப்பில் இதே வழியாகத்தான் இறக்கினார்களாம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அலறல் என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்னொரு வடை வாங்கிக்கொண்டேன். வடை நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை, கொடைக்கானல். ஊரைப் பற்றி ஒரே வரி: சனிக்கிழமை போகாதீர்கள், வெந்நீர் வராத அறைக்கு 1,400 வாங்கினார்கள். வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். என் சைக்கிளை யாரும் நிறுத்தவில்லை.

இன்னொன்று. மேப்பில் பேரிஜம் பக்கமாக மூணாறு வரை ஒரு கோடு போகும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சென்னைப் பக்கம் கரையிறங்கினால் வெள்ளைக்காரர்கள் கொச்சிக்குத் தப்பியோட வைத்திருந்த வழி அது. எஸ்கேப் ரோடு என்றே பெயர். எங்களைப் போன்றவர்களுக்கு அதைப் பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் மூடிப் பல வருடம் ஆகிறது. அந்தக் காடு இப்போது வனவிலங்கு சரணாலயம், பேரிஜம் ஏரி வரை போகவே வனத்துறை அனுமதி வேண்டும். கள்ளத்தனமாக நுழைந்து வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காட்டுமாடு முட்டினால் அந்த வீடியோவை எடுக்கவும் ஆள் இருக்காது.

இரண்டாவது ரூட் கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர். சூரிய ஆய்வகம் வரை ஏற்றம் உயிரை வாங்கும், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். நான் அங்கே கண்டுபிடித்தது உட்கார ஒரு நல்ல திண்டு. அதற்குப் பிறகு பைன் காடு, இறக்கம், ஒரு வளைவு திரும்பியதும் பூம்பாறை மொத்தமாகக் கீழே தெரியும். படிப்படியாக வயல், நடுவில் குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றி நெருக்கியடித்த வீடுகள். மன்னவனூர் புல்வெளியில் காலையில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. செம்மறி ஆராய்ச்சி நிலையத்து ஆடுகள் என்னைவிடக் கனமான ஸ்வெட்டரோடு நின்றன. தார் ரோட்டிலிருந்து வயல்களுக்கு இறங்கும் மண் தடங்கள் எத்தனை எத்தனை! ஒன்றை விட்டால் அடுத்தது, அதை விட்டால் இன்னொன்று என்று மத்தியானம் வரை சாப்பாட்டையே மறந்து சுற்றினேன்.

அந்தப் பேராசைதான் கெடுத்தது. திரும்பும் வழியில், பூம்பாறைக்கு மேலே ஒரு தடத்தில், ஈர மண்ணோடு ஒரு குச்சி பின்சக்கரத்தில் ஏறியது. கியர் மாற்றும் டெரெய்லர் அப்படியே மடங்கி, அதைத் தாங்கும் ஹேங்கர் இரண்டாக ஒடிந்தது. உள்ளங்கை அளவுகூட இல்லாத அலுமினியத் துண்டு. உதிரி ஒன்று 650 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். மதுரையில், டிவி ஸ்டாண்டில், பத்திரமாக இருந்தது. செயினைக் குறைத்து ஒரே கியரில் ஓட்டியாவது வந்திருக்கலாம், செயின் கழற்றும் கருவியும் அதே டிவி ஸ்டாண்டில். மூன்று கிலோமீட்டர் தள்ளினேன்.

குட்டியானைக்காரரிடம் பேரம் படியாமல் நான் நின்றதைப் பார்த்து, பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் "விடிஞ்சா பூண்டு வண்டி போகும்யா, அதுல போ. இப்ப வந்து சாப்புடு" என்றார். அவர் வீட்டுத் திண்ணையில்தான் இந்தப் பயணத்தின் நல்ல சாப்பாடு. சுடுசோறு, மலைப்பூண்டுக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். பூண்டை நறுக்கவில்லை, பல் பல்லாக முழுசாகப் போட்டு நல்லெண்ணெயில் வதக்கியிருந்தார். நாக்கில் வைத்ததும் கரைகிறது, ஒரு நொடி கழித்துக் காரம் மூக்கில் ஏறுகிறது. 2019-ல் இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது அதன் நியாயம் புரிந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார். 200 ரூபாயைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது ரூட், பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குவது. செங்குத்து, மண் சரியும், பிரேக் பேட் புதிதாக இருக்க வேண்டும். இந்த முறை அதை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நினைத்துப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. ஏனென்றால் பூண்டு வண்டி வத்தலக்குண்டு மலை ரோட்டில் இறங்கி, தேவதானப்பட்டியைச் சுற்றி, வடுகபட்டிச் சந்தைக்குப் போகிற வண்டி. 150 ரூபாய். சைக்கிளை மூட்டை மேல் கட்டி, ஒரு கையால் அதையும் பிடித்துக்கொண்டு வந்தேன். என் ஜெர்சி இன்னும் மணக்கிறது.

வடுகபட்டியில் மூட்டை இறக்க வந்தவர்கள் சைக்கிளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். "இது என்னண்ணே வெல?" என்றார் ஒருவர். பதினெட்டாயிரம் என்றேன். "பதினெட்டாயிரமா, இதுக்கா?" என்று வாயைப் பிளந்தார். வீட்டிலும் அந்த விலையைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.