கம்பெனி தரத் தயார், வாங்கிக்கொள்ளத்தான் நம்மிடம் பேப்பர் இல்லை

கம்பெனி பணத்தில் கல்லூரிக்கு ஒரு மெஷின் வாங்க நாங்கள் பட்ட பாடு இது. எங்கள் பாலிடெக்னிக் அரசு உதவி பெறும் கல்லூரி. சம்பளம் அரசாங்கம் கொடுத்துவிடும். மெஷின் வாங்க வேண்டுமென்றால் நிர்வாகத்தின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். மெக்கானிக்கல் துறையில் பழைய லேத்துகள் ஓடுகின்றன, குறையில்லை. ஆனால் பாடத்திட்டத்தில் சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் மெஷின், இருக்கிறது. எங்களிடம் இருந்ததோ கம்ப்யூட்டரில் ஓடும் சிமுலேஷன் மட்டும். 2022இல் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து நவீனப்படுத்தப் போவதாகத் தமிழக அரசு அறிவித்தபோது எங்களுக்கும் ஆசை வந்தது. அது அரசு ஐடிஐகளுக்கான திட்டம், நமக்கில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் மோட்ராப்ஸ் திட்டம் பழைய லேப்களை மாற்றுவதற்கென்றே இருந்தது. விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை.

மிஞ்சியது சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டிய பணம். பக்கத்து ஊரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. எங்கள் பையன்கள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். கேட்டுப் பார்த்தோம். ஹெச்.ஆர்.காரர் முதல் சந்திப்பிலேயே, "செய்யலாம் சார், ப்ரொபோசல் கொடுங்க" என்றார். இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாகத் திரும்பினோம். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

அவர்கள் அனுப்பிய மெயிலில் முதல் கேள்வியே, "உங்கள் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் என்ன?" சி.எஸ்.ஆர். பணத்தை வாங்கிச் செலவழிக்கும் அமைப்புகள் மத்திய அரசிடம் செய்யும் பதிவு அது. ஆபீஸில் கேட்டேன். "நாம எய்டட் காலேஜ் சார், அதெல்லாம் என்.ஜி.ஓ.க்குத்தான்" என்று கோப்பை மூடிவிட்டார்கள். இந்தப் பதிலைத் தயவுசெய்து நம்பாதீர்கள். கல்லூரியை நடத்துவது டிரஸ்ட். கம்பெனி பணம் கொடுப்பது அந்த டிரஸ்டுக்கு. 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 பதிவு இல்லாத டிரஸ்டை நம்பி எந்தக் கம்பெனியும் சி.எஸ்.ஆர். பணத்தை ஒப்படைக்க முடியாது.

சரி, பதிவு செய்யலாம் என்றால் வருமான வரித்துறையின் 12ஏ (டிரஸ்டுக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) சான்றிதழ் வேண்டும். டிரஸ்ட் ஆபீஸ் சுவரில் பல வருடம் முந்தைய 12ஏ உத்தரவு கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதைக் கழற்றி ஸ்கேன் எடுத்துக் கொடுத்தார்கள். பழைய டிரஸ்டுகள் எல்லாமே 2021 ஏப்ரலுக்குப் பிறகு வருமான வரித்துறையில் மறுபடி பதிவு செய்தாக வேண்டியிருந்தது, அந்தப் பதிவும் அப்போது ஐந்து வருடத்துக்குத்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, ஆடிட்டர் அதைச் சத்தமில்லாமல் முடித்து வைத்திருந்தார். உத்தரவு அவருடைய மெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. நீங்களும் முதலில் ஆடிட்டரிடம் போங்கள்.

அடுத்தது பதிவுப் படிவத்துக்கு அறங்காவலரின் டிஜிட்டல் கையெழுத்து. எங்கள் தலைவர் ஐயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அதை வாங்க வீடியோவில் பெயரைச் சொல்லி, பான் கார்டைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஐயா பெயரைச் சொன்ன கையோடு டிரஸ்ட் ஆரம்பித்த கதையையும் சொல்லத் தொடங்கிவிட்டார். வீடியோ நிராகரிக்கப்பட்டது. மறுமுறை அவர் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, பேர் மட்டும்" என்று சைகை காட்டி முடித்து வைத்தாள்.

இதற்குள் மார்ச் 31 போய்விட்டது. அந்த வருடம் ஒதுக்கிய தொகையை வேறு வேலைக்குச் செலவழித்துவிட்டதாகவும், அடுத்த வருட சி.எஸ்.ஆர். கமிட்டியில் வைப்பதாகவும் சொன்னார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை அந்தந்த நிதியாண்டில் செலவழிக்க வேண்டும். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் மிச்சப் பணத்துக்கு ஆள் தேடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் பேப்பர் எல்லாம் தயாராகக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் அது கிடைக்கும்.

அடுத்த வருடம் ஒப்புதல் வந்தது. தொகையைப் பார்த்துத் தலை சுற்றியது. மெஷின் விற்பவர் கொட்டேஷனில் "ஜிஎஸ்டி தனி" என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார். கமிட்டி வரி சேராத விலைக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்திருந்தது. 18 சதவீத வரி. 16 லட்சம் என்றால் வரி மட்டும் 2 லட்சத்து 88 ஆயிரம். கல்வி நிறுவனத்துக்கு அதைத் திரும்ப எடுக்க வழியும் கிடையாது. பழைய மாணவர் சங்கம்தான் காப்பாற்றியது. வாட்ஸப் குழுவில் மெஷின் படத்தைப் போட்டதும் ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் திட்டு வாங்கியவர்கள்தான் முதலில் அனுப்பினார்கள். இன்னும் திட்டியிருக்கலாமோ என்று தோன்றியது.

மெஷின் வந்தது. பில் கல்லூரி முதல்வர் பெயரில் வந்தது. கம்பெனியின் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது. அவர்கள் செய்தது சரிதான். சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கும் சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்று விதியே இருக்கிறது, எங்களைப் போன்ற கல்லூரிக்கு அது சி.எஸ்.ஆர்.-1 பதிவு உள்ள டிரஸ்டின் பெயர்தான். ஆர்டரில் டிரஸ்ட் பெயர்தான் தெளிவாக இருந்தது. விற்பனையாளர் டெலிவரி முகவரியைப் பார்த்து பில் போட்டுவிட்டார். மாற்றச் சொன்னால், "அந்த மாச ரிட்டர்ன் போட்டாச்சு சார்" என்று இழுத்தார். மிச்சப் பணம் வராது என்றதும் பழைய பில்லை ரத்து செய்ய கிரெடிட் நோட் போட்டுப் புது பில் கொடுத்தார். கடைசித் தவணையைக் கையில் வைத்திருந்ததால்தான் பேச முடிந்தது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பான் கார்டில் உள்ள எழுத்துப்படியே டிரஸ்ட் பெயரை எழுதி, ஆர்டரோடு தனித்தாளாக இணைத்து, அவர்கள் பில் போடும் ஆளிடம் போனிலும் சொல்லிவிடுங்கள்.

மெஷினைச் சுற்றியுள்ள செலவை எந்த ப்ரொபோசலிலும் யாரும் கேட்பதில்லை. எங்களுக்குத் தளம் பெயர்த்து கான்கிரீட் போட வேண்டியிருந்தது. கூடுதல் மின் லோடு, ஸ்டெபிலைசர், உலோகத் துண்டைப் பிடிக்கும் சக்குக்குக் காற்று தரக் கம்ப்ரசர், முதல் செட் டூல், அதில் மாட்டும் வெட்டுமுனையான இன்செர்ட். இதெல்லாம் நிர்வாகத்தின் கையிலிருந்து போனது. தாளாளர் இன்னும் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார். ப்ரொபோசல் எழுதும்போதே இவற்றைத் தனித் தலைப்பில் போட்டுவிடுங்கள். கம்பெனிக்காரர்கள் தொழிற்சாலை நடத்துபவர்கள், புரிந்துகொள்வார்கள். பயிற்சியையும் கேளுங்கள்: எங்கள் லேப் உதவியாளரை அவர்கள் ஷாப் ஃப்ளோரில் வைத்து ஆபரேட்டர்களே சொல்லிக்கொடுத்தார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை.

வாரண்டி ஒரு வருடம்தான். அப்புறம் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் எங்கே என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கடிதம் ஏப்ரலிலேயே போய்விட்டது, டிரஸ்ட் பெயரில்.