வால்நட்சத்திரத்துக்குப் பிறகு மரியா மிட்செல்

அமெரிக்க வானியலாளர் மரியா மிட்செல் பற்றி யார் எழுதினாலும் வால்நட்சத்திரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1847 அக்டோபர் 1 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில், அப்பா வேலை பார்த்த வங்கியின் கூரையில் நின்று அதைக் கண்டுபிடித்தார். ரோமில் டி விகோ என்ற வானியலாளர் இரண்டு நாள் கழித்துப் பார்த்து முந்திக்கொண்டு அறிவித்தும், தொலைநோக்கியில் புது வால்நட்சத்திரத்தை முதலில் காண்பவருக்கு டென்மார்க் அரசர் தரும் தங்கப்பதக்கம் கடைசியில் மரியாவுக்கே வந்தது. சரி, பெரிய விஷயம்தான். ஆனால் கல்லூரியில் இயற்பியல் எடுக்கும் எனக்கு அதற்குப் பிந்தைய மரியாவைத்தான் அதிகம் பிடிக்கும்.

இத்தனைக்கும் அவர் கல்லூரியில் படித்தவரே இல்லை. திமிங்கல வேட்டைக் கப்பல்களின் கடிகாரங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் அப்பாவிடம்தான் வானியல் கற்றுக்கொண்டார். 1836 முதல் 20 வருடம் பகலில் நூலகர், இரவில் கூரை. அப்புறம் கடற்பயண வானியல் பஞ்சாங்கத்துக்காக வெள்ளிக் கோளின் நிலைகளைக் கணக்கிட்டுத் தரும் வேலை வேறு.

1865இல் வாஸர் பெண்கள் கல்லூரி திறந்தபோது அங்கே வானியல் பேராசிரியரானார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வானாய்வகத்திலேயே குடியேறிவிட்டார். அங்கே 12 அங்குலத் தொலைநோக்கி இருந்தது. மாணவிகளுக்கு மதிப்பெண் போட மறுத்தார். இன்டர்னல் மார்க் போட்டே ஓய்ந்துபோகும் எங்களுக்கு இதைப் படித்தால் பொறாமைதான் வரும்.

1869 முழுச் சூரிய கிரகணத்துக்கு மாணவிகளை அயோவா மாநிலத்தின் பர்லிங்டனுக்கு அழைத்துப்போனார். வேடிக்கை பார்க்க இல்லை, ஆய்வு செய்ய. அந்தக் குழுவில் இருந்த மேரி விட்னிதான் பிற்பாடு அவர் இடத்துக்கு வந்தார். 1878இல் இன்னொரு கிரகணத்துக்காகப் பழைய மாணவிகளோடு டென்வர் நகருக்குப் போனபோது, இரண்டு ரயில் கம்பெனிகளின் சண்டையில் தொலைநோக்கி வைத்த பெட்டிகள் வழியில் சிக்கிக்கொண்டன. நல்லவேளையாகக் கிரகணத்துக்கு முன் வந்து சேர்ந்தன. கருவி கையில் இல்லாமல், நேரமும் நெருங்கும்போது வயிற்றைக் கலக்குமே, அது செய்முறை வகுப்பு எடுப்பவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் சம்பளம். ஆண் பேராசிரியர்களுக்கு வருடம் 2,500 டாலர். இவருக்கு 800 டாலரும் தங்குமிடமும் சாப்பாடும். கல்லூரியின் பெருமைக்கு அவர் பேர் வேண்டும், சம்பளம் என்று வந்தால் மட்டும் பெண்! அவரும் கல்லூரி மருத்துவர் அலைடா ஏவரியும் சேர்ந்து நிர்வாகத்திடம் நேராகவே கேட்டார்கள். கூட்டிக் கொடுத்தார்கள்.